மூளிச் சுத்தியல்

நார்பர்ட் டோம்பெக்கை நான் கல்யாணம் செய்துகொண்டபோது அவன் மூக்கு ஏற்கெனவே ஒரு முறை உடைந்து கோணிப் போயிருந்தது. அது அவன் அப்பா செய்த வேலை. இரண்டாவது முறை உடைத்தது நான், இரும்பு வாணலியால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைக் கேட்டுவிட்டு, ஐயோ பாவம், சாது மனுஷன் என்று யாரும் அவனுக்காக உருக வேண்டாம். அவனும் சாது இல்லை, நானும் இல்லை. டெட்ராய்ட்டுக்குத் தெற்கே எங்கள் வயண்டாட்டில் சாதுவாக இருந்தவர்களெல்லாம் அரிசோனா பக்கம் குடிபோய்விட்டார்கள்.

எங்களுக்கு விவாகரத்து ஆகிக் காலம் ஓடிவிட்டது. ஆனால் அவனுடைய டிங்கரிங் பட்டறைக்கும் நான் கார் சீட் தைக்கிற கடைக்கும் நடுவில் ஒரே சுவர். நீதிபதி வீட்டைப் பிரித்தார், நாயைப் பிரித்தார், சுவரை என்ன செய்ய முடியும்? அந்தப் பக்கம் தகடு தட்டும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அவன் யாரை மனதுக்குள் அடித்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும். பாதி நாள் அவன் அப்பாவைத்தான்.

ஜூலை மாதம் நடக்கும் பழைய கார் போட்டியில் நாங்கள் இரண்டு பேருமே நடுவர்கள். 1970ஐ ஒட்டி இங்கே செய்தார்களே, சின்னப் பையன்கள் வாங்கி ஓட்டிச் சாகிற மாதிரி பெரிய எஞ்சின் வைத்த கார்கள், அவற்றுக்கான போட்டி. வெளித்தகடும் பெயின்ட்டும் அவன் பார்ப்பான். உள்ளே சீட்டும் கூரைத்துணியும் என் பொறுப்பு. அந்த மைதானத்தில் அழகுக்கு மார்க் கிடையாது. சொல்லப்போனால் அழகு கூடினால் மார்க் போய்விடும். கார் தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். அன்று எப்படி இருந்தது? எவனோ ஒருவன் முந்தின ராத்திரி குடித்த குடி தெளியாமல் அடித்த பெயின்ட், கதவுக்கு அடியில் ஒழுகியிருக்கும். இன்னொருவன் பானெட்டுக்கு உள்ளே சாக்பீஸில் கிறுக்கியிருப்பான். அந்த ஒழுகலையும் கிறுக்கலையும் இப்போது தூரிகை வைத்து வரைகிறார்கள். ஒரு பல் டாக்டர் மண்டியிட்டு, சொத்தைப்பல் துளைக்கிற கவனத்தோடு ஒரு பெயின்ட் ஒழுகலைத் தீட்டிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த ஒழுகல் அசலா, போலியா என்று ஒரு பார்வையில் நார்பர்ட் சொல்லிவிடுவான். போலியென்றால் சொந்தக்காரன் அழுகிற வரை விடமாட்டான்.

அவன் அப்பா வால்டர் டோம்பெக் அதே தொழிற்சாலைகளில் ஒன்றில் தகடு அழுத்தும் எந்திரத்தில் நின்றவர். வாயைத் திறந்து பேசிய நாள் குறைவு. அந்த வீட்டில் பெல்ட்டுக்கு ஓய்வு என்றால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் நேரம்தான், அப்போது அது அவர் இடுப்பில் இருக்கும். நார்பர்டின் மூக்கு உடைந்தது கூட அவனுக்கு விழ வேண்டிய அடியில் இல்லை. தம்பி யூஜினுக்கு வந்த குத்து. பெரியவன் நடுவில் மூஞ்சியைக் கொண்டுபோய் வைத்தான்.

யூஜின் வேறு ஜாதி. அடி வாங்கிவிட்டு அடுத்த நிமிஷம் சிரிப்பான். வேலைக்குப் போய்க் கையில் காசு சேர்ந்ததும் எலுமிச்சம்பழ மஞ்சளில் 1970 மாடல் கார் ஒன்றை எடுத்துவிட்டான், அப்பாவின் தொழிற்சாலையில் செய்ததை. கிழவர் வாழ்த்தவும் இல்லை, திட்டவும் இல்லை. பையன் வீட்டுக்கு வந்து படுத்த பிறகு வெளியே போய் பானெட் மேல் கை வைத்துப் பார்ப்பார். எவ்வளவு சூடு, எவ்வளவு வேகத்தில் வந்திருக்கிறான் என்று கணக்கு. யூஜின் அதற்கும் சிரிப்பான். "காருக்கு ஜொரம் பாக்குறாரு டாக்டர் வால்டர்" என்பான்.

சுத்தியலுக்கும் பேர் வைத்தது அவன்தான். நார்பர்டின் கனமான உருண்டைத் தலைச் சுத்தியலை இரவல் வாங்கி, ஒரு அச்சை அடித்து, விளிம்பில் ஒரு துண்டு தெறிக்க விட்டுத் திருப்பிக் கொடுத்தான். அண்ணன் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தபோது, "விடுடா, மூளின்னு பேர் வெச்சுக்க. இனிமே யாரும் திருட மாட்டான்" என்றான். அந்தச் சுத்தியல் தகட்டில் சாய்வாக விழுந்தால் பிறை மாதிரி ஒரு பள்ளம் விழும். பிறையின் ஒரு முனை மட்டும் கடித்த மாதிரி மூளியாக இருக்கும்.

1974 கோடையில் டெலிகிராஃப் சாலையில் ஒரு சிவப்பு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்குப் பந்தயம். யூஜின் பாலத்தின் கான்கிரீட் தூணில் போய் அடித்தான். ஸ்டியரிங் கம்பி நெஞ்சுக்குள் போய்விட்டது. நார்பர்ட் சாலையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன். கதவு மடங்கிப் போய்த் திறக்கவில்லை. அவன் விரலை விட்டுப் பிய்த்துப் பார்த்தான், நகங்கள்தான் போயின, கதவு வரவில்லை. ஜன்னல் வழியாகத் தம்பியின் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் யூஜின் போய்ச் சேர்ந்துவிட்டான். நார்பர்டின் சட்டையை நான்தான் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன், உடம்போடு ஒட்டியிருந்தது.

போலீஸ்காரர்கள் பார்த்து முடித்த பிறகு நொறுங்கின காரை இழுத்து வந்து டோம்பெக் வீட்டுக் கொல்லைப்புறத்தில் போட்டார்கள். அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குள் பன்றித்தொடையும் பியரோகிக் கொழுக்கட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கொல்லைப்புறத்தில் இரும்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், கிழவர் அதே கறுப்பு கோட்டோடு காரில் பாதி உடம்பை விட்டு, ஸ்பானரால் எதையோ கழற்றிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் ஊரில் நொறுங்கின காரைப் பார்த்தால் ஆண்களுக்குக் கை சும்மா இருக்காது. கார்புரேட்டர் யாருக்கு, கியர்பாக்ஸ் யாருக்கு என்று ஈ மொய்க்கிற மாதிரி மொய்த்துவிடுவார்கள். நார்பர்டும் அதைத்தான் நினைத்தான். நானும் அதைத்தான் நினைத்தேன்.

"என்னய்யா பண்றே?" என்றான்.

"தள்ளிப் போ."

"புள்ளைய பொதைச்சிட்டு வந்து சோறு கூட எறங்கல. அதுக்குள்ள பார்ட்ஸ் கழட்டுறியா?"

கிழவர் ஆயுசு முழுக்க எதற்கும் விளக்கம் சொன்னதில்லை, அன்றைக்கா சொல்லப் போகிறார்? ஸ்பானரைத் திருகிக்கொண்டே இருந்தார்.

நார்பர்ட் கொட்டகைக்குள் போய் மூளியை எடுத்து வந்தான். மிச்சமிருந்த கண்ணாடிகளை முதலில் அடித்தான். பிறகு கதவுகள், கூரை, டிக்கி. ஒருத்தனும் ஒரு ஆணியைக்கூட எடுத்துப் போகக் கூடாது என்று கத்திக்கொண்டே அடித்தான். கண்ணாடித் தூள் அவன் முகத்தில் தெறித்து ரத்தமாக ஒழுகியது. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டும் கையுமாகப் படிக்கட்டில் வந்து நின்றார்கள், ஒருவரும் கிட்டே போகவில்லை. கடைசி அடி முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தகட்டில் விழுந்தது. ஒவ்வொரு காருக்கும் தொழிற்சாலை தனித்தனியாகப் போடும் எண்ணைக் குத்தியிருக்கும் இடம் அது. அப்போதுதான் கிழவர் குறுக்கே பாய்ந்து வலது கையால் அவன் சட்டையைப் பிடித்தார். அடுத்த அடி அவர் மேல் விழுந்தது.

வலது பக்கக் காறை எலும்பு. சத்தம் எனக்குக் கேட்டது. கிழவர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனேன். வழியில் அவர் சொன்ன ஒரே வார்த்தை, "ரோட்டைப் பாத்து ஓட்டு."

அதோடு அப்பனும் மகனும் பேசியது முடிந்தது. சில வாரங்களில் காரின் மிச்சம் இரும்புக் கடைக்குப் போய்விட்டது. கிழவர் இரண்டு தெரு தள்ளி முப்பது வருஷம் உயிரோடு இருந்தார். நார்பர்ட் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை, சுற்றிப் போவான். 2005இல் கிழவர் செத்தபோது, வீட்டைக் காலி செய்தாக வேண்டுமே என்று போனான். பெட்டி, படுக்கை, மூட்டை, எதையும் பிரித்துப் பார்க்காமல் புல்வெளியில் கொண்டுவந்து கொட்டி, போகிறவன் வருகிறவனிடமெல்லாம் எடுத்துக்கோ என்றான். கனமானதாக இருந்தால் தானே தூக்கிப் போய் அவர்கள் காரில் வைத்தும் கொடுத்தான். அந்த ஆள் வாழ்ந்த அடையாளமே இருக்கக் கூடாது என்ற வெறி.

இனி 2011 ஜூலைக்கு வருகிறேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பென்சில்வேனியாக்காரர் ஒருவரின் சிவப்புக் காரின் முன் நார்பர்ட் குனிந்து நின்றான். முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு பள்ளம்.

"எவ்வளவு செலவு பண்ணி இவ்வளவு நல்லா செஞ்சிட்டு, இந்த நசுங்கல எடுக்காம விட்டுட்டீங்களே" என்றான்.

"எடுக்கிறதா? நானே வெச்சது சார் அது" என்றார் அவர், பெருமையாக. "தொழிற்சாலையில தகட்டை ஒக்கார வெக்க ஒரு போடு போடுவாங்களாம். போன வருஷம்தான் கண்டுபிடிச்சாங்க. இது இல்லாத காருக்கு இனிமே மார்க் கொறையும்னு பேசிக்கிறாங்க."

நார்பர்ட் சிரித்தான். பிறகு கட்டைவிரலால் அந்தப் பள்ளத்தைத் தடவினான். சிரிப்பு நின்றுவிட்டது. பிறை. பிறையின் வலது முனை மூளி.

அடுத்த வரிசையில் ஒரு பச்சைக் கார், அதிலும் பிறை. அதற்கடுத்த வெள்ளைக் காரிலும் பிறை. அவன் நடை வேகமாகிக்கொண்டே போனதைப் பார்த்து, நான் கையிலிருந்த மார்க் அட்டையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். அந்த மனுஷன் தோளைக் குறுக்கிக்கொண்டு அப்படி நடந்தால் யாருக்கோ பல் போகப் போகிறது என்று அர்த்தம்.

வரிசையின் கடைசியில் ட்ரென்ட் ஹாக்ஸின் கூடாரம். இண்டியானாவிலிருந்து வந்தவன், பழைய கார்களைப் புதுப்பித்து விற்பவன், வெள்ளைப் பல், இஸ்திரி போட்ட சட்டை. அந்த ஆண்டு முதல் பரிசு அவனுக்குத்தான் என்று எல்லோரும் சொன்ன கார் பின்னால் நின்றது. எலுமிச்சம்பழ மஞ்சள். முன்னால் மேஜையில் வெல்வெட் விரித்த பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சுத்தியல். ஒவ்வொரு சுத்தியலின் விளிம்பிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஒரு துண்டு தெறித்திருந்தது. பெட்டி மேல் எழுதியிருந்தது: தொழிற்சாலைச் சுத்தியல், அசல் நகல்.

நார்பர்ட் மேஜையைத் தாண்டி நேராக மஞ்சள் காரிடம் போனான். டார்ச் அடித்தான். அந்த எண் என்னவென்று அவனுக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த பிறையைக் கொல்லைப்புறப் படிக்கட்டில் நின்று பார்த்தவள் நான். மற்ற கார்களில் இருந்தது படம் பார்த்து எழுதிய எழுத்து. இது அவனே எழுதியது.

"இந்தத் தகடு ஏது?" என்று கேட்டான்.

"காரோட பொறந்தது" என்றான் ஹாக்ஸ். "அயோவாவுல ஒரு டீச்சரம்மா வாங்கி, ஓட்டாமலே கொட்டாய்ல மூடி வெச்சிருந்தாங்க. ஒரு கீறல் கெடையாது. மழைத்துளி படாத தகடு சார். உள்ள ஒரு பொட்டுத் துரு இருக்கான்னு பாருங்க."

துரு இல்லைதான். அது நார்பர்டை இன்னும் குழப்பியது.

"இது என் தம்பி கார்ல இருந்த தகடு. அவன் இதுலதான் செத்தான். இந்த அடி நான் அடிச்சது."

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஹாக்ஸ் மரியாதையாகத்தான் பேசினான். "உங்க வருத்தம் புரியுது சார். ஆனா எழுபதாம் வருஷக் கார்ல பாதி இப்படித்தான் முடிஞ்சுது. எல்லா மஞ்சக் காரும் உங்க தம்பியுது ஆயிடுமா?"

நார்பர்ட் தன் வண்டிக்குப் போனான். மூளியை எடுத்து வந்து, எல்லோரும் பார்க்கத் தலையைப் பிறைக்குள் வைத்தான். அச்சு மாறாமல் உட்கார்ந்தது.

ஹாக்ஸ் குனிந்து பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. "அட, நீங்களும் நம்மகிட்டயே வாங்கியிருக்கீங்களே சார்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை, பாவம், உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் அதே சுத்தியல் இருந்தது. உலகத்தில் ஒரே ஒருத்தனிடம் இருந்த சாட்சி, இப்போது பெட்டி பெட்டியாக விற்பனைக்கு இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கூடாரத்தையே கொளுத்தியிருப்பேன்.

தலைமை நடுவர் ஃபில் நல்ல மனுஷன், ஆனால் விதி என்றால் விதி. நார்பர்டின் தோளைத் தொட்டான். "நிரூபணம் இல்லாம மார்க் கொறைக்க முடியாதுடா. காரை நாம சொரண்டிப் பாக்கவும் கூடாது, உனக்கே தெரியும். அசல்னு கையெழுத்துப் போட்டுட்டு வா. பீர் வாங்கித் தர்றேன்."

அந்தக் கையெழுத்து விழுந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அந்த எண்ணுள்ள கார் பிறந்த நாள் முதல் எதிலும் மோதவில்லை, அயோவாவில் பத்திரமாக இருந்தது என்று பதிவாகிவிடும். யூஜின் எந்தக் காரில் செத்தான் என்று கேட்டால், அப்படி ஒரு காரே இல்லை என்பார்கள். அதுவும் சொந்த அண்ணன் கையெழுத்தோடு.

நார்பர்ட் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டான். "பொறந்த தகடுன்னா ஒரு அடி தாங்கும். ஒட்டுப் போட்டுப் பட்டி பூசினதுன்னா தாங்காது" என்றான். "ஃபில், தள்ளி நில்லு."

பிறைக்கு ஒரு சாண் தள்ளி அடித்தான். பட்டி சுவர்ப் பூச்சு மாதிரி பாளமாகப் பெயர்ந்து எஞ்சின் மேல் விழுந்தது. மஞ்சள் பெயின்ட்டுக்கு அடியில், எண்ணையும் பிறையையும் சுற்றி மூன்று பக்கமும் வெல்டிங் தழும்பு. வேறு ஏதோ காரின் உடம்பை அறுத்து, நடுவில் இந்தத் துண்டை வைத்துத் தைத்திருந்தார்கள். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஹாக்ஸ் ஜாக்கிக் கம்பியை எடுத்ததை நான் பார்த்தேன், ஆனால் கத்துவதற்குள் விழுந்துவிட்டது. நார்பர்டின் கன்ன எலும்பு உள்ளே போனது. இரண்டாவது அடி காதில். அவன் விழுந்துகொண்டே மூளியை வீசினான், அது ஹாக்ஸின் முன்கையில் பட்டு எலும்பு முறிந்தது. இரண்டு பேரும் புல்லில் கட்டிப் புரண்டார்கள். ஹாக்ஸ் மேலே ஏறி உட்கார்ந்து மறு கையால் தொண்டையை அழுத்தினான், நார்பர்டின் கண் செருகியது. நான் மடக்கு நாற்காலியை எடுத்து அந்த இஸ்திரி போட்ட முதுகில் சாத்தினேன். நாற்காலியின் கால் உடையும் வரை சாத்தினேன். என் முன்னாள் புருஷனை அடிக்கிற உரிமை எனக்கு மட்டும்தான்.

போலீஸ் மூன்று பேரையும் கொண்டுபோனது. நாற்காலிக்காக எனக்கு அபராதம். எண் மாற்றியதற்காக ஹாக்ஸ் மேல் பெரிய வழக்கு. அடித்ததற்காக இருவர் மேலும் தனி வழக்கு.

நீதிமன்ற நடைகூடத்தில்தான் மறுபடி பார்த்தோம். ஹாக்ஸ் கையில் மாவுக்கட்டு, நார்பர்டின் முகத்தில் தையல். எதிரெதிர் பெஞ்சு, நடுவில் ஒரு காவலர்.

"செத்தவன் காரை எங்கடா திருடின?" என்றான் நார்பர்ட்.

"நான் எதையும் திருடல" என்றான் ஹாக்ஸ். பழைய மரியாதையெல்லாம் போய்விட்டது. "உன் பேர் டோம்பெக்னு போலீஸ்காரன் சொன்னப்புறம்தான் எனக்கே ஞாபகம் வந்துச்சு. வயண்டாட்ல ஒரு வீட்டு வாசல்ல சாமானைக் கொட்டி வெச்சிருந்தாங்க. தொழிற்சாலைக்காரக் கெழவன் வீடு. அங்கதான் எடுத்தேன். வேலை செஞ்ச எடத்துலேர்ந்து ஞாபகார்த்தமா ஒரு துண்டைக் கொண்டுவந்து வெச்சிருக்கான்னு நெனச்சேன். அதனாலதான் அந்த அடியும் தொழிற்சாலை அடின்னு நெனச்சு, அதை அச்செடுத்துச் சுத்தியலும் செஞ்சேன். யார் குடுத்தாங்க தெரியுமா? நீதான். பிரிச்சுக்கூடப் பாக்காம, கனமா இருக்குன்னு நீயே தூக்கி என் டிக்கியில வெச்சே."



நான் கேட்டேன். "எதுல சுத்தியிருந்துச்சு?"

"பச்சைச் சட்டை ஒண்ணுல. பௌலிங் ஆடுறவனுங்க போடுற சட்டை. பாக்கெட்ல ஏதோ பேர் தச்சிருந்துது. எண்ணெயில ஊறி நாறிப் போயிருந்துது."

அந்தப் பேரைத் தைத்தவள் நான். யூஜின், மஞ்சள் நூலில்.

"சட்டை எங்கே?" என்றான் நார்பர்ட், மெதுவாக.

"கிரீஸ் தொடச்சிட்டுத் தூக்கிப் போட்டேன்."

காவலர் நடுவில் வருவதற்குள் நார்பர்ட் பாய்ந்துவிட்டான். ஹாக்ஸின் தலையைச் சுவரில் மோதினான், மறுபடி மோதினான். வெள்ளைப் பல் ஒன்று தரையில் உருண்டது. நாலு பேர் சேர்ந்து பிடித்து இழுத்து, முகத்தைத் தரையில் அழுத்தித்தான் விலங்கு போட முடிந்தது. தையல் பிரிந்து நடைகூடமெல்லாம் ரத்தம். அதற்காக அவன் குளிர்காலம் முழுக்கக் மாவட்ட ஜெயிலில் இருந்தான்.

ஞாயிறுதோறும் பார்க்கப் போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரே பேச்சு. "விக்கத்தான் கெழவன் வெட்டி வெச்சிருப்பான். எண் இருந்தா வெலை போகும்னு அப்பவே தெரிஞ்சிருக்கும் அவனுக்கு. வாங்க ஆள் கெடைக்கல, அதான் வெச்சிருந்தான்."

"எண்ணெய் எதுக்குப் போட்டாரு?" என்பேன்.

"துரு புடிச்சா எவன் வாங்குவான்?"

நான் வாதாடவில்லை. முப்பத்தேழு வருஷம் ஒரு ஆளை வெறுத்தே உடம்பை வளர்த்தவனிடம் அதைப் பிடுங்கிக்கொண்டால் நிற்கக் கால் இருக்காது.

அவன் வெளியே வந்த வசந்தத்தில், வழக்கு முடிந்து, அந்தத் தகட்டை வெட்டி எடுத்து அவனிடமே கொடுத்தார்கள். என் கடைக்குத்தான் கொண்டு வந்தான், பட்டறையில் மின்சாரம் இல்லை என்று சாக்குச் சொல்லி. தையல் மேஜையில் வைத்தான். மஞ்சள் பெயின்ட், எண், பிறை. கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தொழில் புத்தி விடவில்லை, திருப்பிப் போட்டுப் பார்த்தான்.

ஹாக்ஸ் மூன்று ஓரங்களை நேராக அறுத்து வெல்டிங் வைத்திருந்தான். கீழ் ஓரத்தை மட்டும் தொடவில்லை, வெளியே தெரியாது என்று உள்ளே மடித்து விட்டிருந்தான். நார்பர்ட் அந்த மடிப்பைக் குறடால் நிமிர்த்தினான். பெயின்ட் படாத பழைய இரும்பு, எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. ஓரம் முழுக்க உளி வெட்டு.

விளக்கைக் கிட்டே இழுத்தான். மைதானத்தில் ஊரான் காரைப் பார்ப்பது போலவே விரலால் ஒவ்வொரு வெட்டாகத் தடவிக்கொண்டு போனான். அவன் முகம் மாறியது.

"என்ன?" என்றேன்.

"தகட்டு வேலையிலேயே கெழடானவர் வெட்டின வெட்டா இது? பாதி அடி தப்பியிருக்கு. கொழந்தை வெட்டின மாதிரி இருக்கு. பாரு, எல்லாம் இந்தப் பக்கமா சாயுது. எடது கையால அடிச்சிருக்காரு."

"உங்கப்பா எடது கைக்காரரா?"

"இல்ல."

அவன் அப்பாவை 'அவர்' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். வலது தோள் கட்டுப் போட்டிருந்த அந்த சில வாரங்களில், கார் இரும்புக் கடைக்குப் போவதற்குள், கிழவர் கொல்லைப்புறத்தில் தனியாக நின்று இடது கையால் உளியை அடித்திருக்கிறார். ஒவ்வொரு அடிக்கும் உடைந்த எலும்பு அதிர்ந்திருக்கும். நாங்கள் இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

நார்பர்ட் தகட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். பெயின்ட் செதில் சட்டையில் ஒட்டியது. மூக்கு உடைந்தபோது அழாதவன், தம்பியைப் புதைத்தபோது அழாதவன், என் ரெக்சின் சுருள்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அழுது முடித்துத் தகட்டை மறுபடி மேஜையில் வைத்து, இரண்டு பக்கமும் எனக்குத் திருப்பிக் காட்டினான்.

"முன்பக்கம் நான் அடிச்ச அடி, டார்லீன்" என்றான். "பின்பக்கமும் நான் அடிச்ச அடிதான்."